சினைப்பைக்குள் ஒரு தோல் புற்றுநோய்

எகிப்தில், நைல் நதியின் கிழக்குக் கரையில் இருக்கிறது அமர்னா. பார்வோன் அக்நாதன் கட்டியெழுப்பிய தலைநகரம்; அவன் இறந்த சில ஆண்டுகளில் ஆள் அரவமற்றுப் போனது. அங்கே பாலைவன ஓரத்து இடுகாடு ஒன்றில் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். சாகும்போது அவளுக்கு இருபது வயது இருந்திருக்கலாம். இடுப்பெலும்புக் குழிக்குள் எலும்புபோல் இறுகிய ஒரு சிறு திரளும், அதோடு வடிவம் கோணலான இரண்டு பற்களும் இருந்தன. வாயிலிருந்து உதிர்ந்து அங்கே வந்து சேர்ந்த பற்கள் அல்ல அவை. அங்கேயே முளைத்தவை. 2023-ல் இந்த ஆய்வு வெளியானபோது, இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழைய சினைப்பை டெரட்டோமா (பல வகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி) என்று அது பதிவானது.

ஸ்பெயினின் லெய்தா பகுதியிலும் இப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. ரோமானியர் காலத்துப் பெண். வயது முப்பதைத் தாண்டியவள். அவள் இடுப்புக்குழியில் சுண்ணாம்பேறிய உருண்டை, அதற்குள் நான்கு பற்கள். எலும்பும் பல்லும் மட்காமல் தங்கிவிட்டன. கூடவே இருந்திருக்கக்கூடிய தோலும் முடியும் கொழுப்பும் மண்ணோடு மண்ணாகிவிட்டன.

இன்று இதே கட்டி ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘டெர்மாய்டு சிஸ்ட்’ என்ற பெயரில் அச்சாகி வருகிறது. சினைப்பையில் வரும் கட்டிகளில் 10 முதல் 20 சதவீதம் இந்த வகைதான். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும். நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். பிசிஓடி என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார்களே, அந்த ‘நீர்க்கட்டி’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகளின் வரிசை. டெர்மாய்டு என்பது திசு வளர்ந்து உருவான உண்மையான கட்டி. ஆனால் கேன்சர் அல்ல.

ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தக் கடைசி வாக்கியம் கடைசிவரை உண்மையாகவே இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும், பல ஆண்டுகள் கழித்து, அது பொய்யாகிவிடும். அப்போது வரும் புற்றுநோய் சினைப்பையில் இருந்தாலும் சினைப்பைப் புற்றுநோய்போல் நடந்துகொள்வதில்லை. காரணம், அது பிறந்த திசு சினைப்பையின் திசுவே அல்ல.

சினைப்பைக்குள் பல் எப்படி முளைக்கிறது? பேய் பிசாசு வேலை என்றும், கூடா ஒழுக்கத்தின் தண்டனை என்றும் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பேசினார்கள். கன்னிப்பெண்களிடமும் சிறுமிகளிடமும் இந்தக் கட்டி இருந்தது அந்தப் பேச்சை எந்த வகையிலும் நிறுத்தவில்லை என்பது தனி வேடிக்கை. விடைக்கு ஒரு திடமான சான்று 1975-ல் கிடைத்தது. அமெரிக்காவில் டேவிட் லிண்டரும் சக ஆய்வாளர்களும் டெர்மாய்டு கட்டிகளின் மரபணு அடையாளங்களை அந்தந்தப் பெண்ணின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். பெண்ணின் உடலில் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் வெவ்வேறாக இருந்த இடங்களில், கட்டியில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. உடம்பின் சாதாரண செல் ஒன்று பெருகியிருந்தால் இப்படி வராது. கருமுட்டையாகப் போக வேண்டிய செல், தன் முதல் குறைப்புப் பிரிவை முடித்துவிட்டு, விந்தணுவே இல்லாமல் தானாக விழித்துப் பெருகத் தொடங்கினால்தான் வரும். வேறு வழிகளிலும் டெரட்டோமா உருவாகலாம் என்று பின்னாளில் தெரிந்தது. ஆனால் எல்லா வழிகளும் தொடங்கும் இடம் கருமுட்டைச் செல்தான்.

முழு மனிதனையே கட்டக்கூடிய செல் அது. ஆகவே தோல், முடி, பல், எலும்பு, குருத்தெலும்பு, தைராய்டு, மூச்சுக்குழாயின் உள்தோல், மூளைத் திசு என்று எதுவும் அதில் தோன்றும். ஒழுங்கு மட்டும் இருக்காது. நஞ்சுக்கொடியும் பொதுவாக இருக்காது, ஏனென்றால் அதை வளர்க்கும் வேலையில் தந்தை வழி மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நம் பக்கத்தில் ‘முத்துப்பிள்ளை கர்ப்பம்’ என்று சொல்வார்களே, அது இதற்கு நேர் எதிர்த் துருவம். அதன் முழுமையான வகையில் தாயின் குரோமோசோம்கள் இல்லாமல் போய், தந்தையுடையவை மட்டும் இருக்கும். சிசு இருக்காது, நஞ்சுத் திசு மட்டும் முத்து முத்தாக வீங்கிக் கிடக்கும். 1977-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். தாய் மட்டும் என்றால் உடல் உறுப்புகளின் குவியல், தந்தை மட்டும் என்றால் நஞ்சு. இரண்டு பேரும் எதற்குத் தேவை என்பதை இந்த இரண்டு விபத்துகளைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனையை யாராலும் வடிவமைத்திருக்க முடியாது.

அறுவை அரங்கிலிருந்து பேதாலஜி மேசைக்கு வரும் டெர்மாய்டு வெளியே வழவழப்பான, வெளிர்ந்த பந்து. கத்தி வைத்ததும் மஞ்சள் கலந்த கொழுப்புக் குழம்பு வழியும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் போகும் வழியில்லாமல் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த சீபம் அது. உடலின் சூட்டில் திரவமாக இருந்தது, மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல மேசைமேலேயே இறுகத் தொடங்கும். அதை வழித்தெடுத்தால் முடிக்கற்றைகள் சிக்குப் பிடித்த உருண்டையாக வரும். கழுவிப் பார்த்தால் உள்சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஒரு மேடு தெரியும். வியன்னாவின் கார்ல் ரோகிடான்ஸ்கியின் பெயரால் வழங்கும் புடைப்பு. முடியின் வேரும் பல்லும் எலும்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பேதாலஜிஸ்ட்டின் விரல்கள் தேடுவதும் அந்த மேட்டையும் அதைச் சுற்றியுள்ள சுவரையும்தான். எங்காவது சுவர் தடித்திருக்கிறதா, நிறம் மாறி அழுகியதுபோல் இருக்கிறதா, காலிஃபிளவர் மாதிரி எழும்பியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்த இடத்திலிருந்தெல்லாம் சிறு துண்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டு, மெல்லிய சீவலாகி, நுண்ணோக்கிக்குப் போகும். 15 செ.மீ. கட்டியில் புற்று ஒரு சில மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கலாம்.

அறுவை சிகிச்சை செய்து எடுத்த டெர்மாய்டுகளில் 1 முதல் 2 சதவீதத்தில் இப்படிப் புற்று இருக்கிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. எடுக்கப்படாமல் சின்னதாக இருந்தே காலம் தள்ளும் டெர்மாய்டுகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், உண்மையான வாய்ப்பு இன்னும் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படி வருவதில் ஏறக்குறைய 80 சதவீதம் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலிலும், வாயிலும், கருப்பை வாயிலும் வரும் அதே ரகம். டெர்மாய்டின் உள்சுவரைப் போர்த்தியிருப்பது பெரும்பாலும் தோல் என்பதால் இதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. வெளித்தோலில் இந்தப் புற்றுக்கு வெயில் முக்கியக் காரணம், வாயில் புகையிலை, கருப்பை வாயில் ஹெச்பிவி வைரஸ். வெயிலும் புகையும் எட்டாத இருட்டில், கொழுப்புக் குழம்பில் ஊறிக் கிடக்கும் தோலுக்கு என்ன வந்தது? ஹெச்பிவி இருக்குமோ என்று தேடினார்கள். சில ஆய்வுகளில் தென்பட்டது, மற்றவற்றில் இல்லை. இன்று வலுவாக நிற்கும் ஒரே சந்தேக நபர் காலம்தான். புதுப்பித்துக்கொண்டே இருக்கும் திசு எத்தனை ஆண்டு பிரிகிறதோ அத்தனைக்கு அத்தனை பிரதியெடுக்கும் பிழைகள் சேரும்.

வயதுக் கணக்கு இதற்குப் பொருந்துகிறது. 2008-ல் லான்செட் ஆங்காலஜி இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை மருத்துவ இதழ்களில் சிதறிக் கிடந்த 277 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. அவர்களின் சராசரி வயது 55. சாதாரண டெர்மாய்டு தலைகாட்டும் வயதோ முப்பதை ஒட்டியது. நடுவில் இருபதாண்டுக்கும் மேலான இடைவெளி. இந்தக் கட்டிகள் ஆமை வேகத்தில் வளர்பவை. மாதவிடாய் நிற்காத பெண்களில் ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை என்று ஓர் ஆய்வு அளந்தது. ஆக, திடீரென்று வேகமெடுத்து வளரும் டெர்மாய்டு மருத்துவரின் புருவத்தை உயர்த்தியே தீரும்.

புற்று வந்துவிட்டால் உடம்பு காட்டிக்கொடுக்குமா? பெரும்பாலும் இல்லை. வயிற்று வலி, வீக்கம், கனம் எல்லாம் சாதாரண டெர்மாய்டும் தருபவைதான். திடீரென உயிர்போகும் வலி வந்தால் கட்டியின் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அது அவசர அறுவை சிகிச்சைக்கான காரணம், புற்றுக்கான அறிகுறி அல்ல. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை எல்லோரும் எடுக்கச் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அதனால் பெரிய பயனில்லை. சிஏ 19-9 போன்றவை புற்றில்லாத டெர்மாய்டிலேயே ஏறிவிடும். 1998-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் உருப்படியான வழி காட்டியது. வயது 45-ஐத் தாண்டியிருந்தால், கட்டி 9.9 செ.மீ.க்கு மேல் இருந்தால், எஸ்சிசி ஆன்டிஜென் என்ற வேறொரு குறிப்பான் ரத்தத்தில் கூடியிருந்தால் உஷாராக வேண்டும் என்றது அது. இன்று உலகெங்கும் ஸ்கேன் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓ-ராட்ஸ் தரவரிசையிலும் 10 செ.மீ. ஒரு எல்லைக்கோடாக நிற்கிறது. அதற்குக் குறைவான, டெர்மாய்டின் இலக்கணம் பிசகாத கட்டிக்குப் புற்று வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ்.

எம்ஆர்ஐ எடுத்தால் இன்னும் துலங்கும். கொழுப்பு அதில் தனியாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்தை உறிஞ்சி ஒளிரும் திடப்பகுதி ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே பக்கத்து உறுப்புகளை நோக்கிப் போனால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த நிலையில் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஆரம்ப நிலையில் இருப்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஸ்கேன் அல்ல, அறுவை முடிந்து சில நாள் கழித்து வரும் பயாப்ஸி ரிப்போர்ட். நோயாளி வீட்டுக்குப் போய், தையல் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொலைபேசி வரும்.

இங்கேதான் அறுவை சிகிச்சை செய்த விதம் முக்கியமாகிறது. லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளை வழியாகப் பெரிய கட்டியை எடுக்க வேண்டும். வழக்கமாக உள்ளேயே ஒரு பையில் போட்டு, பைக்குள் வைத்தே சுருக்கி வெளியே இழுப்பார்கள். கட்டி வயிற்றுக்குள் உடைந்தால் கொழுப்பும் முடியும் கொட்டி அழற்சி வரும், அதைக் கழுவிச் சரிசெய்யலாம். உள்ளே புற்று இருந்திருந்தால் கழுவலால் தீராது. சினைப்பைக்குள் அடங்கியிருந்த முதல் நிலைப் புற்று, அறுவையின்போது உடைந்த ஒரே காரணத்தால் ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2014 நிலைப் பகுப்பு முறையில் ‘ஐசி-1’ ஆகிறது. உடையாமல் வந்திருந்தால் ‘ஐஏ’. வயது கூடிய, பெரிய டெர்மாய்டு உள்ள பெண்ணுக்குச் சின்னத் தழும்பை ஆசை காட்டும் முன் மருத்துவர்கள் யோசிப்பது இதனால்தான்.

ஸ்குவாமஸுக்கு அடுத்த வரிசையில் வருபவை இன்னும் அபூர்வம், ஆனால் இன்னும் சுவாரசியம்.

சில டெரட்டோமாக்களில் தைராய்டுத் திசு பாதிக்கு மேல் ஆக்கிரமித்திருக்கும். ஸ்ட்ரூமா ஓவேரி என்று பெயர். கழுத்தில் இருக்க வேண்டிய சுரப்பி அடிவயிற்றில் இருந்துகொண்டு ஹார்மோனும் சுரக்கும். கை நடுங்கி, இதயம் படபடத்து, எடை குறைந்து மருத்துவரிடம் வரும் பெண்ணுக்குக் கதிரியக்க அயோடின் ஸ்கேன் எடுத்தால், கழுத்து மங்கலாகவும் இடுப்பு பளிச்சென்றும் தெரிவது உண்டு. இதிலும் சிறு பங்கு புற்றாக மாறும். மாறினால் அது தைராய்டு புற்று, அதிலும் கழுத்தில் அதிகம் வரும் பாப்பில்லரி ரகமே இங்கும் அதிகம். பரவிவிட்டால் சிகிச்சையும் தைராய்டு சிகிச்சைதான்: கதிரியக்க அயோடின். ஆனால் ஒரு சிக்கல். கொடுக்கிற அயோடினையெல்லாம் கழுத்தில் உள்ள ஆரோக்கியமான தைராய்டு முதலில் வாரிக்கொள்ளும். ஆகவே ஒரு குற்றமும் செய்யாத அந்தச் சுரப்பியையும் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். சினைப்பையில் நோய், கழுத்தில் அறுவை.

கார்சினாய்டு கதை இதைவிட விசித்திரம். குடலில் அதிகம் வரும் இந்தக் கட்டி செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கும். குடலின் ரத்தம் முழுக்கக் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். கல்லீரல் அவற்றை உடைத்துவிடும். அதனால் குடல் கார்சினாய்டு கல்லீரலுக்குப் பரவிய பிறகே முகம் சிவந்து எரிவது, ஓயாத வயிற்றுப்போக்கு, இதய வால்வுக் கோளாறு எல்லாம் தொடங்கும். டெரட்டோமாவில் உள்ள குடல் வகைத் திசுவில் இந்தக் கட்டி முளைத்தால் கல்லீரல் குறுக்கே இல்லை. வலது சினைப்பையின் ரத்தம் நேரே கீழ்ப்பெருஞ்சிரைக்கும், இடது பக்கத்தது சிறுநீரகச் சிரை வழியாக அதே இடத்துக்கும் போகிறது. ஆகவே கட்டி எங்கும் பரவாமலே இதயத்தைத் தொந்தரவு செய்யும். தைராய்டும் கார்சினாய்டும் கலந்த ஒரு ரகம் பெப்டைட் ஒய்ஒய் என்ற குடல் ஹார்மோனைச் சுரந்து கடும் மலச்சிக்கலை உண்டாக்குவதை ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். தீராத மலச்சிக்கலுக்குச் சினைப்பையை எடுத்ததும் வயிறு சரியாவது என்பது நம்பக் கஷ்டமான கதைதான், ஆனால் நடந்திருக்கிறது.

டெர்மாய்டு மட்டும்தான் இப்படி என்றில்லை. இன்னொரு சாதாக் கட்டிக்கும் நெடிய வரலாறு உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் ‘சாக்லேட் சிஸ்ட்’ அது. நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பணிபுரிந்த ஜான் சாம்ப்சன் 1925-லேயே இதிலிருந்து புற்று எழுவதை விவரித்து, அப்படிச் சொல்வதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்றும் வரையறுத்தார். மூலக்கூறு மட்டத்துச் சான்று வர 85 ஆண்டுகள் ஆயின. 2010-ல் கனடாவின் வான்கூவர் குழு, கிளியர் செல் என்ற சினைப்பைப் புற்றில் 46 சதவீதத்திலும், எண்டோமெட்ரியாய்டு ரகத்தில் 30 சதவீதத்திலும் ஏஆர்ஐடி1ஏ என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டது. இரண்டு நோயாளிகளிடம் அவர்கள் பார்த்ததுதான் அழகு. புற்றை ஒட்டியிருந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் அதே பழுது இருந்தது. அதே பெண்ணின் உடலில் தள்ளியிருந்த எண்டோமெட்ரியோசிஸில் இல்லை.

பழுது இருந்தால் புற்று வந்தே தீரும் என்றும் சொல்லிவிட முடியாது. 2017-ல் அதே கனடியக் குழுவினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் புற்றே இல்லாத 24 பெண்களின் ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவை ஆராய்ந்தார்கள். 19 பேரிடம் மரபணு மாற்றங்கள்; அதில் 5 பேரிடம் புற்றை உந்தும் மரபணுக்களிலேயே மாற்றம். அவர்கள் புற்றின்றி நலமாக இருந்தார்கள். பெரிய தொகுப்பாய்வுகள் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குக் கிளியர் செல் புற்று வாய்ப்பு மூன்று மடங்கு என்கின்றன. மூன்று மடங்கு என்று கேட்டதும் பயம் வரும். ஆனால் எல்லா ரகச் சினைப்பைப் புற்றையும் சேர்த்து மேலை நாட்டுப் பெண்ணுக்கு வாழ்நாள் வாய்ப்பு 1.3 சதவீதம் அளவில் இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அது 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பத்திரிகைத் தலைப்புகளில் மடங்கு வரும், சதவீதம் வராது.

அதோடு, உயிர் பறிக்கும் சினைப்பைப் புற்றில் பெரும்பகுதி எந்தச் சாதாக் கட்டியிலிருந்தும் வருவதல்ல. அதிகம் காணப்படும் ஹை-கிரேடு சீரஸ் ரகம் பல நேரங்களில் கருக்குழாயின் நுனியில் தொடங்கி, சினைப்பைக்கு வந்து குடியேறுகிறது. சாதாரண சிஸ்ட்டைக் கண்டதும் சினைப்பையையே எடுத்துவிடச் சொல்லும் அவசரத்துக்கு இதில் ஆதாரமில்லை.

டெர்மாய்டில் எழும் ஸ்குவாமஸ் புற்றுக்குத் திரும்பினால், முதல் நிலையிலேயே முழுதாக எடுத்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். வயிற்றுக்குள் பரவிவிட்டால் நிலைமை மோசம், வழக்கமான சினைப்பைப் புற்றைவிடவும் மோசம். கீமோதெரபி மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய மருத்துவப் பரிசோதனை ஒன்றுகூட நடத்த இயலாத அளவுக்கு நோயாளிகள் குறைவு. 2008 தொகுப்பாய்வு ஆல்கைலேட்டிங் வகை மருந்துகள் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததைக் கவனித்தது. கதிர்வீச்சில் அந்தப் பலன் தெரியவில்லை. நடைமுறையில் பிளாட்டினமும் டாக்சேனும் கலந்த, சினைப்பைப் புற்றுக்கான வழக்கமான மருந்துகளையே பலர் கொடுக்கிறார்கள். ஆனால் மரபணு வரிசைகளைப் படித்த சமீபத்திய ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. டிபி53, பிஐகே3சிஏ, சிடிகேஎன்2ஏ ஆகியவற்றில் வரும் பழுதுகளின் கூட்டணி, சினைப்பைப் புற்றைவிட நுரையீரலில் வரும் ஸ்குவாமஸ் புற்றுக்கு நெருக்கமாக இருக்கிறது. நுரையீரல் ரகத்துக்குப் பயன்படும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை, கீமோவுக்கு அடங்காத டெர்மாய்டு புற்று நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்து, கட்டி சுருங்கியதை மருத்துவர்கள் ஒவ்வொருவராகப் பதிவு செய்துவருகிறார்கள்.